நடுவர் உட்கார்ந்த பெஞ்சு

“ஏன் டீச்சர் எந்திரிச்சு வெளிய வந்தீங்க?”

சுயம்புலிங்கம் வணக்கம்கூடச் சொல்லவில்லை. வந்ததும் இதைத்தான் கேட்டார்.

உலகப் படவிழா அது. எந்தெந்த தேசத்துப் படமோ வந்து, ஒவ்வொன்றாய்க் கழிந்து, கடைசியில் இரண்டு படம் மிச்சம். ஒன்று சுயம்புலிங்கம் எடுத்தது. மற்றது மாசிலாமணி எடுத்தது. பரிசு மாசிலாமணிக்குப் போய்விட்டது.

ஐந்து நடுவர்களில் ஜெசிந்தா டீச்சரும் ஒருத்தர். சுயம்புலிங்கத்துக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். வயசில் மாணவர்தான் மூப்பு. எலக்ட்ரிக் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டுப் படிக்க வந்த மனுஷன். அதனால் இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

நடுவர்கள் கூடிய அறைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு. எல்லாம் முடிந்த பிறகும் டீச்சர் அதில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் கடலைப் பொட்டலம்.

“விதி இருக்குல்லா அண்ணாச்சி. படம் எடுத்தவரோட பந்தம் உள்ளவங்க, அந்தப் படத்தப் பத்திப் பேசும்போது உள்ள இருக்கக் கூடாது. நீங்க என் மாணவர். வந்துட்டேன்.”

“சரி, அது எனக்கு. மாசிலாமணி படத்துக்கும் எதுக்கு வந்தீங்க? அவன் உங்களுக்கு மாமனா, மச்சானா?”

“அவர் எனக்கு என்ன செஞ்சார்னு தெரியும்லா?”

“ஊருக்கே தெரியும். நீங்க கண்ணு முழிச்சு வெட்டி ஒட்டின படத்துல உங்க பேர எடுத்துட்டு, தன் பேரப் போட்டுக்கிட்டான்.”

“இன்னைக்கும் அவர் பேரக் கேட்டா எனக்குச் சோறு எறங்காது. அதவிடப் பெரிய பந்தம் ஏது அண்ணாச்சி?”

சுயம்புலிங்கம் தலையைச் சொறிந்தார்.

“உள்ள இருந்த நாலு பேரும் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு நின்னுருக்காங்க. பேசி முடியல. கடைசில சீட்டு எழுதிப் போட்டு, டீ கொண்டாந்த அம்மாவ எடுக்கச் சொல்லியிருக்காங்க. மாரியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாக்க மாதிரி! உலகப் படவிழா டீச்சர் இது!”

“அந்த அம்மா எனக்கும் ஒரு டீ குடுத்தாங்க. இஞ்சி தட்டிப் போட்டு.”

“நீங்க உள்ள இருந்திருந்தா சீட்டே வேண்டாம். உங்க ஒரு ஓட்டு போதும். பரிசு எனக்கு.”

டீச்சர் உள்ளங்கையில் கடலையைத் தேய்த்துத் தோலை ஊதினார்.

“உங்களுக்குத்தான் போட்டிருப்பேன்னு யார் சொன்னா?”

சுயம்புலிங்கம் குனிந்து டீச்சர் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக,

“என் படம் புடிக்கலையா?”

“அப்படி நான் சொல்லலையே.”

“அப்ப புடிச்சிருக்கா?”

“கடல எடுத்துக்கிடுங்க.”

அதற்குள் படக்காரர் சங்கத்து நவநீதன் ஓடிவந்தான்.

“அண்ணாச்சி, இங்கயா இருக்கீங்க? பத்திரிகைக்காரங்க, டிவிக்காரங்க எல்லாரும் மண்டபத்துல காத்துக் கெடக்காங்க. ‘அநியாயம்’னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். மத்தத நாங்க பாத்துக்கிடுதோம். சீட்டுப் போட்டுக் குடுத்த பரிசு செல்லாதுன்னு ஆக்கி, உங்க கையில வாங்கித் தாரோம்.”

பரிசு வந்தால் படம் தியேட்டருக்கு வரும். வராவிட்டால் பீரோவில் கிடக்கும். சுயம்புலிங்கத்துக்கு அது நன்றாகத் தெரியும்.

“நான் என்ன சொல்லட்டும் டீச்சர்?”

டீச்சர் பொட்டலத்தைக் கவிழ்த்துத் தட்டினார்.

“கடல தீந்துட்டு.”

மண்டபத்தில் உட்கார இடமில்லை. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. முன்வரிசையில் மாசிலாமணி, அடுத்த வீட்டுப் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவர் மாதிரி, பரிசை வைத்துக்கொண்டு நெளிந்தார்.

சுயம்புலிங்கம் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

“சொல்லுங்க சார். தீர்ப்பு நியாயமா, அநியாயமா?”

வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயையும் திறந்துவிட்டார்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

“எந்தப் படத்தப் பத்திக் கேக்கீங்க?”

“என்ன சார்! உங்க படத்தப் பத்தித்தான்!”

“என் படமா?”

“ஆமா சார், உங்க படம்!”

கூட்டம் சிரித்தது. நவநீதன் சைகை காட்டினான். சுயம்புலிங்கம் மைக்கை, முட்டையை வைப்பதுபோல், மேசைமேல் வைத்தார்.

“அப்ப நான் உள்ள இருக்கக் கூடாதே” என்று வெளியே நடந்தார்.

பின்னால் ஒரே இரைச்சல்.

“வெளிநடப்பு! வெளிநடப்புன்னு போடு!”

“இல்லய்யா, அவரு ஒத்துக்கிட்டாரு!”

“யாரு எதுக்கு ஒத்துக்கிட்டா?”

“உடம்புக்கு முடியலையோ?”

நவநீதன், “அண்ணாச்சி! அண்ணாச்சி!” என்று கதவு வரை வந்து பார்த்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பிப்போனான்.

டீச்சர் பெஞ்சில் ஒதுங்கி இடம் விட்டார். சுயம்புலிங்கம் உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள் உள்ளே. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

“பரிசு போகட்டும் டீச்சர்” என்றார் சுயம்புலிங்கம். “படம் பீரோவுலயே கெடக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். இங்க விதியும் இல்ல, ஓட்டும் இல்ல. நீங்களும் நானுந்தான் இருக்கோம். என் படம் நல்லா இருக்கா?”

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார்.

சட்டென்று எழுந்து, சேலையில் ஒட்டிய கடலைத் தோலைத் தட்டிவிட்டார்.

“எங்க டீச்சர் போறீங்க?”

“வெளிய.”

“நாம வெளியதானே டீச்சர் இருக்கோம்?”

டீச்சர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.