இறக்கு என்ற ஒரு சொல்

ஒரு பரிசுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடும் கதைகளைக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கதையில் மூன்று பேர் ஒரு பழிக்கு உரிமை கொண்டாடுகிறார்கள், ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். காதைக் கொஞ்சம் கூர்மையாக வைத்துக்கொண்டு கேளுங்கள். தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிலோமினா என்று ஒருத்தி, வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் வீட்டில் பிறந்தவள். அவள் கணவர் கஸ்பார் கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர் ஈசிசேரில் சாய்ந்து பேப்பர் படித்திருக்கலாம். அவருக்கு அது பிடிபடவில்லை. கொச்சிக்குப் போய் ஒரு பாய்ப் படகை வாங்கி, ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டையைக் கடற்கரையில் ஏரா என்பார்கள். வள்ளத்தில் அது அசையாது. கஸ்பாரின் படகில் ஏரா என்பது ஓர் இரும்புப் பலகை. கயிற்றை இழுத்தால் படகின் வயிற்றுக்குள் ஏறிக்கொள்ளும், அப்போதுதான் டிரெய்லரில் உட்காரும், கரையிலிருந்து தள்ளவும் முடியும். கயிற்றை விட்டால் தண்ணீருக்குள் ஐந்தடி இறங்கும். அது இறங்காமல் பாய் காற்றைப் பிடித்தால் படகு முன்னே போகாது, பக்கவாட்டில் வழுக்கும்.

ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் கடலில்தான். அவர் சுக்கான் பிடிப்பார், ஏராக் கயிறு அவள் கையில். அவர்களுக்குள் ஒரு பாஷையும் உருவாகிவிட்டது. பாய்க்கு 'அவிழ்', 'சுருட்டு'. ஏராவுக்கு 'ஏத்து', 'இறக்கு'. அதற்கு மேல் ஒரு வார்த்தை அந்தப் படகுக்குத் தேவைப்படவில்லை.

பிலோமினாவின் அண்ணன் தொம்மை நாற்பது வருடம் வள்ளம் ஓட்டியவர். தங்கை புருஷனின் படகைக் கேலி செய்தே ஒரு வருடத்தை ஓட்டினார். கடைசியில், "ஒரு நாள் நானும் வாறேன் மாப்பிள்ளை, ஒங்க வண்டி கெட்டுன போட்டு எப்படித்தான் போவுதுன்னு பாப்போம்" என்றார்.

அன்று காலை காப்பி குடிக்கும்போது கஸ்பார் மனைவியிடம் சொன்னார்: "மச்சான்ட்ட நம்ம போட்டுல பேசுற வெவரத்த ஒரு வார்த்த சொல்லிரு."

"நாப்பது வருசம் கடல்ல கெடந்தவருக்கு நான் என்னத்தச் சொல்ல? நீங்களே சொல்லுங்க."

கஸ்பாருக்கும் கூச்சம். கடல்காரனுக்குக் கடலைச் சொல்லிக்கொடுப்பது அந்த ஊரில் முகத்தில் அடிப்பது போல. இருவருமே சொல்லவில்லை.

ஏராவை ஏற்றிவைத்துப் படகைத் தள்ளினார்கள். தொம்மை பாய்மரத்தடியில் உட்கார்ந்து பாயை ஏற்றினார். கொஞ்ச தூரத்திலேயே தெற்குக் காற்று திடீரென்று வலுத்தது. வடக்கே தூண்டில் வளைவு, அலையைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கல் வரிசை. கல்லை ஒட்டி மார்பளவுத் தண்ணீர்தான். படகு அதை நோக்கி வழுக்க ஆரம்பித்தது.

"இறக்கு" என்று கத்தினார் கஸ்பார்.

தொம்மை ஒரே நொடியில் பாயை இறக்கினார். அவர் ஆயுசில் ஒரு படகில் இறங்கக்கூடியது பாய் ஒன்றுதான்.

"இறக்கு, இறக்கு." பாய் முழுதாக விழவில்லை போலிருக்கிறது என்று தொம்மை அதை அள்ளிச் சுருட்டினார். பிலோமினாவின் கையில் ஏராக் கயிறு இருந்தது. கணவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அண்ணன் பாயை இறக்கிவிட்டாரே, கடல் தெரிந்தவர், எதையோ பார்த்துத்தான் செய்கிறார் என்று கயிற்றைப் பிடித்தபடியே இருந்தாள். பத்து எண்ணும் நேரம். படகு கல்லில் மோதாமல் இருக்கக் கஸ்பார் காலை நீட்டி உதைத்தார். அலை படகைத் தூக்கி அவர் இடுப்போடு சேர்த்துக் கல்லில் அடித்தது.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். அதற்கு முன் மச்சானின் கையைப் பிடித்து, "தப்பு என்னுது. எத இறக்கணும்னு பேரச் சொல்லாமக் கத்துனேன்" என்றார்.

"பாய இறக்குனது என் கை. எதன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார் தொம்மை. அன்றிலிருந்து அவர் வள்ளத்தைத் தொடவில்லை. கொன்றவன் எந்த முகத்தோடு வருவது என்று தங்கை வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. அந்த வீட்டில் பிலோமினாவுக்கு இனி வேறு ஆள் கிடையாது. போன புருஷன் வரப்போவதில்லை, இருக்கிற அண்ணனாவது திரும்பி வர வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அவள் சொல்கிறாள், பழி தன்னுடையது என்று.

பேர் சொல்லாமல் கத்தியவர், கேட்காமல் செய்தவர், தெரிந்தும் சும்மா இருந்தவள். இந்த மூவரில் பழி யாருடையது?

விடை: பிலோமினாவுடையது. கஸ்பாருக்குத் தன் படகின் பேச்சு மட்டும் தெரியும், தொம்மைக்கு வள்ளத்தின் பேச்சு மட்டும் தெரியும். 'இறக்கு' என்றால் இரண்டு அர்த்தம் என்று தெரிந்தவள் அந்தப் படகில் அவள் ஒருத்திதான். பாய் விழுந்த பிறகும் காலம் கடந்துவிடவில்லை. அவள் கயிற்றை விட்டிருந்தால் ஐந்தடி ஏரா மார்பளவுத் தண்ணீரில் மணலைக் குத்தி, கல்லுக்கு முன்பே படகை நிறுத்தியிருக்கும். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அண்ணனை மறித்து, ஒன்றையும் மறைக்காமல் இதையெல்லாம் அவரிடம் சொன்னாள். தொம்மை முழுவதையும் நின்று கேட்டார். "என்னயத் தேத்தணும்னு ஒக்காந்து இம்புட்டு யோசிச்சியாம்மா" என்று அவள் தலையைத் தடவினார். பிறகு அவள் வீடு இருக்கும் தெருவை விட்டுவிட்டு வேறு பக்கமாக நடந்துபோனார்.