மருதாசலம் கழற்றச் சொன்ன ஸ்பாய்லர்

கோவைக்கு வெளியே ஒரு பந்தயத் தடத்தில் தில்ஷாத் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்தார். வயது முப்பத்து மூன்று. பல பந்தயங்களில் ஜெயித்தவர். மாணவர்கள் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள்.

அந்த மாணவர்களில் மருதாசலத்துக்கு மட்டும் மாஸ்டரைவிட வயது அதிகம். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரு மில்லில் ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்தை வருடக்கணக்கில் ஓட்டியவர். அந்த வண்டிக்கு வேகப் பூட்டு உண்டு. அறுபதைத் தொட்டால் எஞ்சின் முனகும், அதற்கு மேல் போகாது. மகளுக்குக் கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டுத் தடத்துக்கு வந்து நின்றார்.

"ஒரு தடவையாவது பூட்டில்லாம ஓட்டிப் பார்க்கணுமுங்க, மாஸ்டர்."

மாஸ்டர் வேறெதுவும் விசாரிக்கவில்லை. ஹெல்மெட் அளவை மட்டும் கேட்டார்.

மருதாசலம் சீக்கிரமே கற்றுக்கொண்டார். வரும் ஞாயிறு அவருடைய முதல் பந்தயம். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலையில் அவர் முகம் சரியில்லை.

"மாஸ்டர், பின்னாடி இந்த ஸ்பாய்லர் எதுக்குங்க?"

டிக்கியின் மேல் இரண்டு கால்களில் நின்ற கறுப்புப் பலகையைக் காட்டினார்.

"நேர்ப் பாதையில இது காத்துல மாட்டி இழுக்குது. ஆளாளுக்கு என்னைத் தாண்டிப் போறாங்க."

"ஆமா, இழுக்கும்."

"அப்ப இதுவும் ஒரு பூட்டுத்தானுங்களே? கழட்டிரலாமுங்க."

மாஸ்டர் மெக்கானிக் பெலிக்ஸைக் கூப்பிட்டார்.

"கழட்டிருங்க."

பெலிக்ஸ் தயங்கினார். மாஸ்டர் தலையசைத்துக் கழற்ற வைத்தார். தடத்தில் இருந்த மற்ற கார்களையெல்லாம் ஷெட்டுக்கு வரச் சொன்னார். மருதாசலத்தின் பெல்ட்டைத் தானே குனிந்து இழுத்துப் பார்த்துவிட்டு விலகி நின்றார்.

நேர்ப் பாதையில் கார் பறந்தது. ஹெல்மெட்டுக்குள் மருதாசலம் வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் ஒரு நாளும் ஓட்டியதில்லை.

நேர்ப் பாதை முடிகிற இடத்தில் வலப்பக்கம் திரும்பும் நீண்ட வளைவு. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை. அது தரையில் இருப்பதாகவே தோன்றவில்லை. வானமும் வேலியும் மாறி மாறிச் சுற்றின. கார் மணலுக்குள் புதைந்து நின்றது.

மாஸ்டர் ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"அடி ஏதாச்சும் பட்டுச்சாண்ணா?"

"இல்லீங்க." அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "பின்னாடி யாரோ தூக்கிவிட்ட மாதிரி இருந்துச்சு."

"காத்துதான்" என்றார் மாஸ்டர். "வாங்க."

தன் சொந்தக் காரில் அவரை ஏற்றிக்கொண்டார். ஆளில்லாத தடத்தில் மெதுவாக ஓட்டினார்.

"கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்க. உள்ளங்கை கீழே பார்க்கட்டும். விரல் நுனியைக் கொஞ்சம் கீழே சாய்ச்சு வைங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலீங்க."

கார் வேகம் பிடித்தது. காற்று அவர் கையை அழுத்தத் தொடங்கியது. இன்னும் வேகம். கை கதவின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. தூக்க முடியவில்லை.

"ஸ்பாய்லர்னா கெடுக்கறதுன்னு அர்த்தமாமே" என்றார் மருதாசலம். "எதைக் கெடுக்குது?"

"உங்களைத் தூக்கற காத்தை."

மதியம் பெலிக்ஸ் ஸ்பாய்லரைத் திரும்பப் பொருத்தினார். மருதாசலம் மறுபடி ஏறினார். ஆனால் அந்த வளைவு வந்ததும் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை விட்டது. வளைவின் நடுவில் காலை எடுத்ததால் கார் ஆடியது. அடுத்த சுற்றிலும் ஆடியது. புதன், வியாழன் இரண்டு நாளும் அதே கதைதான். நேற்று வந்த பிள்ளைகள்கூட அவரைத் தாண்டிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஹெல்மெட்டைக் கழற்றி மாஸ்டரின் மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு இது ஒத்துவராதுங்க. பேருந்துதான் என் அளவு போல இருக்கு."

"என்ன ஆச்சு?"

"ஸ்பாய்லர் காரைத் தரையோட பிடிக்கவே மாட்டேங்குது."

"எவ்வளவு வேகத்துல வளைவுக்குள்ள போறீங்க?"

அவர் சொன்னார். மாஸ்டர் சிரித்துவிட்டார்.

"அந்த வேகத்துல அது வெறும் அழகுக்குத்தாண்ணா. அன்னைக்கு மெதுவாப் போறப்ப உங்க கை என்ன சொல்லுச்சு?"

மருதாசலம் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"அது பிடிக்கும்னு தெரிஞ்சா வேகமாப் போயிருவேனுங்க, மாஸ்டர்."

"வேகமாப் போனாத்தான் அது பிடிக்கும்."

"முதல்ல அது பிடிக்கட்டுமே."

"முதல்ல நீங்க போங்க."

மாஸ்டர் ஹெல்மெட்டை எடுத்துத் தரவில்லை. வேறொரு மாணவருக்கு டயரில் காற்று பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மேஜைமேல் ஹெல்மெட் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. மகளும் மருமகனும் வந்து வேலியோரம் நின்றார்கள். முதல் சுற்றில் மருதாசலம் கடைசிக்கு முந்தின ஆளாக அந்த வளைவுக்கு வந்தார். கால் பழையபடி விட்டது. கார் ஆடியது. கடைசியில் வந்தவரும் அவரைத் தாண்டினார்.

அடுத்த சுற்று. நேர்ப் பாதையில் எஞ்சின் அலறியது. வளைவு தெரிந்தது. கால் எழுந்திருக்கப் பார்த்தது. 'முதல்ல நீங்க போங்க' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார், தன் காலிடம். கால் அங்கேயே இருந்தது.

கார் வளைவுக்குள் போனது. வெளியே வந்தது.

அவ்வளவுதான். பின்பக்கம் ஆடவில்லை. முன்னால் போன கார் திடீரென்று பக்கத்தில் இருந்தது, பிறகு கண்ணாடியில் இருந்தது.

நேர்ப் பாதையில் சிலர் அவரைத் தாண்டினார்கள். வளைவில் அவர் அவர்களைத் தாண்டினார். பந்தயம் முடிந்தபோது ஐந்தாவதாக வந்திருந்தார். மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

மருதாசலம் இறங்கி நேராக மாஸ்டரிடம் வந்தார். உடம்பெல்லாம் வேர்வை. முகம் மட்டும் குழம்பியிருந்தது.

"மாஸ்டர், ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்கண்ணா."

"பிடிச்சுது. பிடிக்காம அந்த வளைவைத் தாண்டியிருக்க முடியாது. ஆனா எப்ப பிடிச்சுதுன்னே தெரியலீங்க. ஒண்ணுமே தெரியல."

மாஸ்டர் அவர் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

"தெரியற மாதிரி பிடிச்சா, அதுக்குப் பேரு பிரேக்குண்ணா."