ரப்பர் பேண்டு போட்ட ஒயர்

"டீச்சர், நெட்டு செத்துப்போச்சு."

வாசல்லயே வச்சு சொன்னாரு சவரிமுத்து. லாரி ஓட்டி ஓய்ஞ்ச ஆளு, வயசு அறுபது.

டீச்சர் ரெஜினாவுக்கு முப்பத்தொண்ணு. தெருவுக்கே கேபிள் நெட்டு குடுக்கிற பொம்பள. ஆறு மாசமா அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தர்றா. இந்த ஊர்ல சிஷ்யனை அண்ணாச்சின்னு கூப்பிடுற குரு அவ ஒருத்திதான்.

அவர் மகன் ஜெரால்டுக்குக் கப்பல்ல வேல. கடல்ல புயல்னு டிவில சொல்லி மூணு நாளாச்சு. கப்பல்ல இருந்து பேச்சு மூச்சு இல்ல. வீட்டுல இருந்த ஒத்த போனும் தண்ணித் தொட்டியில குளிக்கப் போயி வாரமாச்சு. இனி நல்லதோ கெட்டதோ, கம்ப்யூட்டர்லதான் வந்து விழணும்.

"என்னென்ன பாத்தீங்க அண்ணாச்சி?"

ஐபி நம்பரை அழிச்சு அழிச்சு எழுதினாராம். பாஸ்வேர்ட மாத்தினாராம். கம்ப்யூட்டரை ஏழு தடவ அணைச்சு எழுப்பினாராம். அதுக்கே தலை சுத்தியிருக்கும்.

சொல்லும்போது மூக்கு நுனியில வேர்வை தொங்குச்சு. கதவோரமா அவர் சம்சாரம் மிக்கேலம்மா ஜெபமாலை உருட்டிக்கிட்டு நின்னா. டீச்சருக்கு ஆள் அனுப்பினதே அவதான்.

ரெஜினா திரையப் பாக்கவே இல்ல. குனிஞ்சு மேசைக்கடியில கைய விட்டா.

நெட்டு ஒயர் வெளிய வந்துச்சு. வட்டமா சுருட்டி, மேல ரப்பர் பேண்டு.

எலி இழுத்திருக்கும்னாரு சவரிமுத்து.

"எலிக்கு நான் பாடம் எடுக்கல அண்ணாச்சி. கழட்டின ஒயர சுருட்டி ரப்பர் பேண்டு போடணும்னு உங்களுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன்."

மிக்கேலம்மா கையில ஜெபமாலை நின்னுபோச்சு.

சவரிமுத்து தரையப் பாத்தாரு.

"ஒயர் வெளிய கிடக்கிற வரைக்கும் அவன் உசுரோட இருக்கான் டீச்சர்."

மாத்தின நம்பரையெல்லாம் ரெஜினா பழையபடி ஆக்கினா. ரப்பர் பேண்ட உருவினா. ஒயரை அவர் கையில வச்சிட்டு, தள்ளி நின்னா.

முட்டுச்சந்துல பதினாலு சக்கர லாரிய ரிவர்ஸ் எடுத்த கை அது. அந்தச் சின்ன ஓட்டையில சொருக நாலு தடவ ஆச்சு.

பச்ச லைட்டு எரிஞ்சுது. மெயிலு வந்து விழுந்துச்சு, ஒண்ணு இல்ல, பதினொண்ணு.

சவரிமுத்து கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு.

கடைசியா வந்தத ரெஜினா படிச்சா.

"அப்பா, காலையில கரைக்கு வந்துட்டோம். அப்ப இருந்து கூப்பிடுறேன், உங்க லைன் செத்துக் கிடக்கு. அங்க யாருக்கு என்னாச்சு? எனக்கு ஈரக்கொல நடுங்குதுப்பா."