பாடக்குறிப்பின் கடைசிப் பக்கம்

பி.எட். படிக்கும் மரியசெல்விக்கு எழுதி எழுதியே கை ஓய்ந்துபோயிற்று. பாடக்குறிப்பு நோட்டில் இந்தப் பக்கம் ஆசிரியரின் கேள்வி, அந்தப் பக்கம் பிள்ளைகள் சொல்லப்போகும் பதில். பயிற்சிக்காக அவள் பாடம் நடத்தும் பள்ளி வகுப்பில், நோட்டில் எழுதியபடியே பதில் வராவிட்டால் பேராசிரியர் சிதம்பரதாணு கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து இல்லையென்றால் பரீட்சையும் இல்லை. எந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதிவைத்தபடி வாயைத் திறக்கும்? மூன்று தடவையும் ஒரே வசவோடு நோட்டு திரும்பி வந்துவிட்டது.

நாலாம் தடவை நீட்டினாள். "சார், கையெழுத்துப் போடுறீங்களா?"

அவர் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. "இதெல்லாம் ஒரு எழுத்தா? மறுபடியும் எழுதிட்டு வா!"

"கடைசிப் பக்கத்தை மட்டும் பாருங்க சார்."

பார்த்தார்.

கேள்வி: சார், கையெழுத்துப் போடுறீங்களா?

எதிர்பார்க்கும் பதில்: இதெல்லாம் ஒரு எழுத்தா? மறுபடியும் எழுதிட்டு வா!

"எழுதினபடியே வந்திருச்சு சார்" என்று பேனாவை நீட்டினாள் மரியசெல்வி.