பின் இருக்கையில் ஒரு கீரி

துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் உப்பங்கழி இருந்தது. அதன் கரையில், பக்கத்துப் பக்கத்துப் புதர்களில், ஒரு கீரியும் ஒரு முயலும் குடியிருந்தன. கீரியின் பெயர் மிடுக்கன். முயலின் பெயர் சாமை.

ஒரு நாள் காலையில் ஒரு கடற்காகம் பறந்து வந்து முயலின் புதர்மேல் உட்கார்ந்தது.

"சாமை, உனக்கு ஒரு சேதி! உங்க அக்கா தினை உயிரோட இருக்கு. துறைமுகத்து நடுவுல விளக்குத் திட்டு இருக்கே, அங்கேதான். மூணு குட்டி போட்டிருக்கு!"

முயல் துள்ளி எழுந்தது. மூன்று மாதத்துக்கு முன் தினை ஒரு வைக்கோல் தோணியில் ஏறிப் படுத்தது. அப்படியே தூங்கிவிட்டது. தோணி கிளம்பிப் போய்விட்டது. அதன் பிறகு இன்றுதான் ஒரு தகவல் வந்திருக்கிறது.

"இன்னும் கேளு!" என்றது கடற்காகம். "திட்டுல புல்லு தீர்ந்துபோச்சு. நாளை மறுநாள் விடியறப்போ அதே தோணி அங்கே வருது. குட்டிகளோட அதுல ஏறி வடக்குக் கரைக்குப் போயிடப் போறாங்களாம். அது நம்மால போக முடியாத தூரம். பார்க்கணும்னா இன்னைக்கு. விட்டா நாளைக்கு."

சொல்லிவிட்டு அது பறந்துவிட்டது.

முயல் ஓடிப்போய்க் கீரியை எழுப்பியது. கீரி கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டது.

"கூழைக்கடா ஓட்டுற சுற்றுலாப் படகுல போகலாமே?" என்றது கீரி.

"அது திட்டுப் பக்கம் நிற்காது. எனக்குத் தெரியும். 'இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க'ன்னு கத்திக்கிட்டே ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுடும்."

"ஆமாமா! அந்தக் கத்தலை யார் கேட்கிறது? நாமே ஒரு படகு எடுப்போம். நம்ம இஷ்டத்துக்குப் போவோம், நம்ம இஷ்டத்துக்கு நிற்போம்!"

கீரிக்கு வெகு நாளாக ஓர் ஆசை. கழிக்கரையிலிருந்து பார்த்தால் கப்பல்களின் கொடிக்கம்பம் மட்டும்தான் தெரியும். ஒரு கப்பலையாவது அடியிலிருந்து நுனிவரை கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்று அது நினைத்துக்கொண்டே இருந்தது.

கழியின் முனையில் ஒரு நீர்நாய் படகு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. ஒற்றைக் கயாக்குகளும் இரட்டைக் கயாக்குகளும் அங்கே வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒருவர் போகும் படகுக்கு ஒரு கட்டுக் கோரைப்புல். இருவர் போகும் படகுக்கு இரண்டு கட்டு. கீரியும் முயலும் ஆளுக்கு ஒரு கட்டு அறுத்துக்கொண்டு போயின.

"விளக்குத் திட்டுக்கா?" என்று கேட்டது நீர்நாய். "அப்போ இரட்டைதான். ஒற்றையில அவ்வளவு தூரம் உங்களால தள்ள முடியாது. நல்லாக் கேட்டுக்குங்க. இப்போ நீர் ஏற்றம். உச்சிப் பொழுதுக்குள்ளே போயிட்டா திட்டுக் கரையிலேயே படகு தட்டும். அப்புறம் நீர் வத்திடும். திட்டைச் சுற்றிலும் சேறு. யானை இறங்கினாலும் முழுகிப் போகும்!"

"போயிடுவோம் அண்ணே!" என்றது கீரி.

"முன்னால உட்காருறவங்க போடுற வேகத்துக்குப் பின்னால இருக்கிறவங்க துடுப்புப் போடணும். பின்னால காலடியில இருக்கிறது சுக்கான். எந்தப் பக்கத்துக் கட்டையை மிதிக்கிறீங்களோ, அந்தப் பக்கம் படகு திரும்பும். யார் பின்னால?"

"நான்தான்!" என்று கீரி பின் இருக்கையில் தாவி உட்கார்ந்துகொண்டது. சுக்கான் யார் காலடியில் இருக்கிறதோ அவர்தானே தலைவர்!

முயல் முன்னால் உட்கார்ந்தது. படகு கழியைத் தாண்டித் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

"சாமை! காதை மடக்கு. ரெண்டு காதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியலை!"

முயல் காதுகளை முதுகோடு படிய வைத்துக்கொண்டது. அப்போது கீரி பார்த்தது. அடேயப்பா! கறுப்புச் சுவர்போல ஒரு கப்பல் எதிரே நின்றது. அதன் நங்கூரச் சங்கிலியின் ஒரு வளையமே கீரியைவிடப் பெரிது. ஒரு கிரேன் தன் நீண்ட கையைத் தாழ்த்தி, ஒரு பெட்டியைத் தூக்கி, மெதுவாகத் திரும்பியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கீரி துடுப்புப் போட மறந்துவிட்டது.

திடீரென்று நினைவு வந்தது. பயந்துபோய் முன்னால் பார்த்தது. முயல் திரும்பவே இல்லை. அதன் தோள்கள் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. படகும் போய்க்கொண்டுதான் இருந்தது.

'ஓகோ!' என்று நினைத்தது கீரி. 'முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது!'

அதன் பிறகு கீரி துடுப்பின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டது. 'சளக், சளக்' என்று சத்தம் வந்தது. கைக்கு ஒரு சுமையும் இல்லை. கண் மட்டும் கப்பல் கப்பலாகத் தாவியது.

"மிடுக்கா, இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடலாமா?" என்று முயல் கேட்டது. அதற்கு மூச்சு வாங்கியது.

"போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்! இன்னைக்குத் தண்ணி ரொம்பக் கனமா இருக்கு!"

"அப்படியா?" என்றது முயல். 

வழியில் ஒரு சிவப்பு மிதவை ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் காலையில் வந்த கடற்காகம் உட்கார்ந்திருந்தது. அது கீரியின் துடுப்பைப் பார்த்தது. தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தது.

"என்ன தம்பி, தண்ணியைத் தட்டிக் கொடுக்கிறியா? தூங்க வைக்கப் போறியா?"

கீரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'பேசாதே' என்று வாலை ஆட்டிச் சாடை காட்டியது.

"வாலை ஆட்டுற வேகத்துல பாதி துடுப்புல இருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பே!" என்று சிரித்துவிட்டுக் கடற்காகம் பறந்தது.

"அது என்ன சொல்லுது?" என்று முயல் கேட்டது.

"அதுவா? என் வால் அழகா இருக்காம்!"

 முயல் துடுப்பை இன்னும் இறுகப் பிடித்தது. கூழைக்கடாவின் சுற்றுலாப் படகு அவர்களைத் தாண்டிப் போனது. "வலது பக்கம் பாருங்க! ஒரு முயல் படகு ஓட்டுது! பின்னால ஒரு கீரி வேடிக்கை பார்க்குது!" என்று அது கத்தியது. நல்லவேளை, அந்த நேரம் ஒரு கப்பல் ஊதியது. முயலுக்குக் கேட்டிருக்காது என்று கீரி தேற்றிக்கொண்டது.

வெயில் தலைக்கு நேரே வந்தது. விளக்குத் திட்டு எதிரே தெரிந்தது. ஆனால் படகு சட்டென்று நின்றது. அடியில் ஏதோ கொழகொழவென்று உரசியது. சேறு! திட்டைச் சுற்றி, நூறு பாய் விரித்த அகலத்துக்கு, சாம்பல் நிறச் சேறு பளபளத்துக்கொண்டு கிடந்தது.

அதற்கு அப்பால் கரையில் ஒரு முயல் நின்றது. தினைதான்! அது கத்தியது. காற்று அந்தக் குரலை வேறு பக்கம் அடித்துக்கொண்டு போயிற்று. அது ஒரு குட்டியைத் தூக்கிக் காட்டியது. பிறகு இன்னொன்றை. பிறகு மூன்றாவதை. அவ்வளவு தூரத்தில் குட்டிகள் மூன்று கடுகுபோலத்தான் தெரிந்தன.

சாமை பார்த்துக்கொண்டே இருந்தது. கையை உயர்த்தி ஆட்டப் பார்த்தது. வலியால் கை உயரவில்லை.

"சே! கொஞ்ச நேரத்துல தவறிப்போச்சே!" என்றது கீரி. "நாம ரெண்டு பேரும் இவ்வளவு பாடுபட்டும்..."

"நீ சிவப்பு மிதவைக்கு முன்னாலேயே நிறுத்திட்டே," என்றது முயல். அது அப்போதும் திரும்பவில்லை. "அந்தக் கறுப்புக் கப்பல்கிட்ட நிறுத்தினே. அப்புறம் நுனியால தண்ணியைத் தொட்டுக்கிட்டு வந்தே."

கீரியின் துடுப்பு நழுவி மடியில் விழுந்தது.

"நீ... நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலையே!"

"நான் எதுக்குத் திரும்பணும்? என் கண்ணு எங்கே இருக்கு, பாரு."

கீரி பார்த்தது. இத்தனை நாள் பழகியும் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தது. கீரியின் கண்கள் முன்னோக்கி இருந்தன. முயலின் கண்களோ தலையின் இரண்டு பக்கங்களிலும் இருந்தன. முயலுக்கு முன்னாலும் தெரியும், பின்னாலும் தெரியும். பின்னால் வரும் நரியைப் பார்த்துப் பிழைக்கிற கண்கள் அவை!

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று கீரி மெல்லக் கேட்டது.

"சொன்னா உனக்குக் கோபம் வரும். சுக்கான் உன் காலடியில இருக்கு. நீ படகைத் திருப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்? எப்படியாவது போய்ச் சேர்ந்தாப் போதும்னு நினைச்சேன். அக்காவோட குட்டிகளை ஒரு தடவை மோந்து பார்க்கணும், அவ்வளவுதான்."

கீரி துடுப்பால் சேற்றை உந்திப் படகைப் பின்னுக்குத் தள்ளியது. சுக்கானை மிதித்துப் படகைத் திருப்பியது. வற்றும் நீர் எதிரே இழுத்தது. கீரி துடுப்பை அடிவரை ஆழ்த்தி வலித்தது. தண்ணீர் உண்மையிலேயே கனமாக இருந்தது. முயலின் தோள்கள் ஏறி இறங்கியதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் ஆழ்த்தி வலித்தது. கப்பல்கள் இரண்டு பக்கமும் நின்றன. கீரி ஒன்றையும் பார்க்கவில்லை.

கரை சேர்ந்ததும் முயல் நீர்நாயிடம் கேட்டது. "அண்ணே, நாளைக்கு உங்களால என்கூட வர முடியுமா?"

"நாளைக்கா? நான் போயிட்டா இந்தப் படகுகளை யார் பார்த்துக்கிறது, தங்கச்சி? தம்பி வரலையா?"

முயல் கீரியைப் பாராமல் தன் புதரை நோக்கிப் போய்விட்டது.

மறுநாள் பொழுது விடிந்தது. முயல் ஒரு கட்டுக் கோரைப்புல்லை இழுத்துக்கொண்டு படகுத்துறைக்கு வந்தது. ஒற்றைக் கயாக்கையாவது எடுத்துப் பார்ப்போம் என்று அது முடிவு செய்திருந்தது. ஆனால் துறையில் இரட்டைக் கயாக் ஒன்று தண்ணீரில் தயாராக இறக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு கட்டுக் கோரைப்புல் கிடந்தது. முன் இருக்கையில் கீரி உட்கார்ந்திருந்தது. புல் கீறி அதன் கையெல்லாம் சிவந்திருந்தது.

"நீ பின்னால உட்காரு, சாமை," என்றது கீரி. "சுக்கான் உன் காலடியில இருக்கட்டும். எங்கே திருப்பினாலும் சரி."

முயல் அதன் சிவந்த கையைப் பார்த்தது. தான் கொண்டுவந்த கட்டைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டது.

படகு கிளம்பியது. கீரி ஒரே வேகத்தில் துடுப்புப் போட்டது. சிறிது தூரம் போனதும் அதற்கு ஒரு சந்தேகம் வந்தது. முயல் துடுப்புப் போடுகிறதா? நேற்றுப் பட்ட பாட்டுக்கு இன்று பழி தீர்த்துக்கொள்கிறதா?

'சளக், சளக்' என்று பின்னால் சத்தம் கேட்டது. ஆனால் சத்தத்தை எப்படி நம்புவது? அதே சத்தத்தை நேற்று கீரியே எழுப்பியிருந்தது! திரும்பிப் பார்க்கலாம் என்று உடம்பைத் திருப்பியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"நேரா உட்காரு! கவிழ்க்கப் போறியா?" என்று முயல் அதட்டியது.

கீரி நேராக உட்கார்ந்தது. 'போடுகிறதா, இல்லையா?' என்று மனம் கிடந்து அரித்தது. திரும்பாமல் அடக்கிவைத்த கழுத்து வலித்தது. 'முயலுக்காவது நேற்று எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே!'

கடைசியில் அது ஒரு முடிவுக்கு வந்தது. 'போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும். இது என் பங்கு.' பல்லைக் கடித்துக்கொண்டு வலித்தது.

நிமிர்ந்து பார்த்தபோது கறுப்புக் கப்பல் எதிரே இல்லை; அதை எப்போதோ தாண்டியாகிவிட்டது. சிவப்பு மிதவையும் எதிரே இல்லை. தனியாக ஒருவர் தள்ளினால் எந்தப் படகும் இவ்வளவு வேகமாகப் போகாது. அப்படியானால் முயலும் போட்டுக்கொண்டுதான் வருகிறது! கீரி கையை நிறுத்தாமல் வலித்தது.

விளக்குத் திட்டின் கரையில் படகு 'டக்' என்று தட்டியது. தண்ணீர் மேய்ந்து தீர்ந்த புல்லின் வேர்வரை ததும்பிக்கொண்டிருந்தது. உச்சிப் பொழுதுக்கு இன்னும் நேரம் இருந்தது.

சாமை ஒரே தாவலில் கரையில் இருந்தது. தினை ஓடி வந்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டன. மூன்று குட்டிகளும் சித்தியின் வயிற்றுக்கடியில் முட்டி மோதின. சாமை ஒவ்வொன்றையும் தலையிலிருந்து வால்வரை மோந்து பார்த்தது.

கீரி படகைவிட்டு இறங்கவில்லை. அலை படகை இழுத்துப் போகாமல் கரைக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு குட்டி அதைப் பார்த்துவிட்டு அலறியது. "அம்மா! கீரி!"

தினை சட்டென்று குட்டிகளை மறைத்து நின்றது. "சாமை! யார் இது?"

முயல் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குத் திரும்பத் தேவையும் இல்லை.

"பயப்படாதே அக்கா," என்றது. "அவன் என்கூடத் துடுப்புப் போட்டு வந்தவன்."

பிறர் பார்க்காத இடத்திலும் தன் பங்கைக் குறையாமல் செய்பவனே நல்ல கூட்டாளி.