புல்விதைகளை எழுப்பிய முயல்

இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்ட ஒரு மேய்ச்சல் காட்டில் கொம்பன் என்ற முயல் இருந்தது. அதற்குக் கொம்பு ஒன்றும் கிடையாது. பெயர் மட்டும்தான்.

அந்தக் காட்டில் எல்லோருக்கும் சோறு கொழுக்கட்டைப் புல். பஞ்சத்தில் புல் கருகியது, வேரும் செத்தது. மண்ணுக்குள் கிடந்த விதைகள் மட்டுமே மிச்சம். அவை முளைத்தால்தான் மறுபடியும் காடு.

சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்தது. மூன்றாம் நாள் கொம்பன் ஓடிப்போய்ப் பார்த்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளை தெரிந்தது.

அது மண்ணைப் பறித்தது. விதைகள் மயிர் அடர்ந்த உறைக்குள் சுகமாகப் படுத்திருந்தன. "மழை வந்துவிட்டது, எழுந்திரு" என்று ஒரு விதையின் காதில் சொன்னது. விதைக்குக் காது எந்தப் பக்கம் என்று தெரியாததால் இரண்டு பக்கமும் சொன்னது. பதில் இல்லை.

கோபத்தில் அதன் உறையைப் பல்லால் உரித்து ஈரமண்ணில் போட்டது. மறுநாளுக்கு மறுநாள் அந்த விதை முளைத்துவிட்டது!

உடனே கொம்பன் எல்லோரையும் கூட்டியது.

"நம் விதைகளுக்கு வந்திருப்பது சோம்பல். போர்வையைப் பிடுங்கினால் எழுந்துவிடும். எறும்புகளே, நீங்கள் உரித்துக் கொடுங்கள்."

வேலை என்றால் ஏன் என்று கேட்கிற வழக்கம் எறும்புகளுக்கு இல்லை. வரிசையில் நின்றன.

வெள்வேல மரத்தடியில் முட்டைமேல் உட்கார்ந்திருந்த காடை மட்டும் தலையைத் தூக்கியது. அதன் பெயர் தவிட்டி.

"தம்பி, அந்த உறை ஏன் இருக்கிறது என்று யோசித்தாயா?"

"தூங்கத்தான்."

"என் அடியில் ஒன்பது முட்டை இருக்கின்றன. சீக்கிரம் வரட்டும் என்று ஓட்டை நான் கொத்தினால் எனக்குக் குஞ்சு கிடைக்குமா?"

"முட்டை வேறு, விதை வேறு, அக்கா. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அவசரம் புரியாது."

மான் வெள்ளாயி தன் குட்டியைப் பார்த்தது. அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

"எனக்கு இன்றைக்கே புல் வேண்டும், தவிட்டி. உரிக்கட்டும்" என்றது.

"உன் தவிப்பு எனக்குத் தெரியாமல் இல்லை" என்றது காடை. "ஆனால் இந்த மரத்தடி மண்ணில் யாரும் கால் வைக்கக் கூடாது. கொத்திவிடுவேன்."

எறும்புகள் மரத்தடியை விட்டுவிட்டுக் காடு முழுக்க உரித்துத் தள்ளின. நாலு நாள் கழித்து ஒரு தூறல். அவ்வளவுதான், காடே பச்சை! மரத்தடி மட்டும் ஒன்றிரண்டு முளையோடு வழுக்கையாகக் கிடந்தது. கொம்பன் இரண்டு காதையும் நிமிர்த்திக்கொண்டு அந்தப் பக்கமாகத் தினமும் மூன்று தடவை நடந்தது. அங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை.

"விரல் உயரம் வளரட்டும், பிறகு மேயலாம்" என்று குட்டியிடம் சொல்லிக் காத்திருந்தது வெள்ளாயி.

விரல் உயரம் வளரவில்லை. மறுபடி வெயில் ஏறியது. மேகமே இல்லாமல் பத்து நாள், பதினைந்து நாள். மேல்காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சியது. நகத்தளவு வேரை வைத்துக்கொண்டு அந்தப் பிஞ்சுகள் என்ன செய்யும்?

கொம்பன் பாறைக் குட்டைக்கு ஓடியது. காதுகளை நீரில் முக்கிக்கொண்டு வந்து முளைகள்மேல் உதறியது. வரும் வழியிலேயே பாதி காய்ந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க ஓடி ஆறு முளைகளை நனைத்தது. மறுநாள் அந்த ஆறும் சாய்ந்தன.

காடு திரும்பவும் செம்மண்ணானது. வெள்ளாயி குட்டியைக் கூட்டிக்கொண்டு, வேலங்காய் கிடைக்கும் தொலைதூர ஓடைக்கரைக்கு நடந்தது. குட்டி இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. அதைப் பார்த்த கொம்பன் வளைக்குள் போனது. நாலு நாள் வெளியே வரவில்லை.

புரட்டாசியில்தான் நிஜமான மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மண் முழங்கால் ஆழம் நனைந்தது. வெற்றுக் காட்டில் எதுவும் அசையவில்லை. மரத்தடியில் மட்டும் மண் வெடித்துப் பச்சை கிளம்பியது.

கொம்பன் மெல்ல வந்து எட்டிப் பார்த்தது. தவிட்டியின் குஞ்சுகள் வளர்ந்து, புல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா, இதிலும் பாதிதானே முளைத்திருக்கிறது?"

"ஆமாம். மீதி இந்த மழையையும் நம்பவில்லை. இது பொய்த்தால் அடுத்ததற்கு அவை இருக்கும்."

"சித்திரை மழைக்கு எழுந்தவை?"

"இங்கேயும் கொஞ்சம் எழுந்தன. செத்துப்போயின. எல்லாம் எழவில்லை, அதனால்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்."

கொம்பன் காதைத் தொங்கவிட்டது. "நான்தான் காட்டைக் கொன்றேன்."

"கொன்றதைப் பிறகு பேசலாம். இந்தப் புல் கதிர் விட்டு விதை உதிர்க்கும் வரை யாரும் வாய் வைக்காமல் காவல் இரு. உனக்கும் பசிக்கும். முடியுமா?"

முயலுக்குப் புல்லைக் காவல் காப்பதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஆனாலும் கொம்பன் இருந்தது. காய்ந்த பட்டையைக் கடித்துக்கொண்டு, மணக்கும் பச்சைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

தை மாதம் கதிர்கள் முற்றி உதிர்ந்தன. எறும்புகள் வரிசையில் வந்து நின்றன.

"உரிக்க வேண்டுமா?" என்றது முதல் எறும்பு.

"உறையோடு கொண்டுபோய்க் காடு முழுக்கப் போடுங்கள். எப்போது எழுவது என்று அவற்றுக்குத் தெரியும்" என்றது கொம்பன்.

அடுத்த ஆண்டு மழையில் காட்டில் பாதி பச்சையானது. வெள்ளாயி கொம்பு முளைத்த மகனோடு திரும்பி வந்து, கொம்பனுக்குப் பக்கத்திலேயே நின்று மேய்ந்தது.

ஒன்று ஏன் காத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதைச் சோம்பேறி என்று அவசரப்படுத்தினால், அதோடு அதை நம்பியிருப்பவர்களும் சேர்ந்து கெடுவார்கள்.