மூங்கில் வண்டு கறுத்த கதை

கிட்ட வந்து உட்காருங்கள். தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும், அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது.

அந்தக் காலத்தில், வண்டும் குளவியும் மனுசரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த நாளில், மூங்கில் துளைக்கிற வண்டுக்கு மேனி மஞ்சள். பழுத்த எலுமிச்சை மாதிரி இருப்பாள். இறக்கை இரண்டும் பளிங்கு. தன் அழகு அவளுக்கே தெரியும். ஓடையைத் தாண்டும்போதெல்லாம் தண்ணீரில் ஒரு தரம் பார்த்துக்கொண்டுதான் போவாள்.

அப்போது மலையில் சுங்கான் கிடையாது, கிண்ணத்தில் இலை வைத்துக் குழலால் புகை இழுக்கிற வழக்கமே இல்லை. புகையிலையைச் சுருட்டிக்கொள்வார்கள். ஒரு முனையில் நெருப்பு, மறு முனையில் வாய். இழுக்க இழுக்க நெருப்பு உதட்டைப் பார்த்து நடந்து வரும். நாக்கு வெந்துபோகும், கண் எரியும். ஆனாலும் அந்த மணத்தை விட்டு ஒருவராலும் இருக்க முடியவில்லை.

ஒரு நாள் ஊர்க்கூட்டத்தில் மூப்பர் சடையன் வழக்குப் பேசுகிற மும்முரத்தில் வாயிலிருந்த சுருட்டை மறந்துவிட்டார். மீசையில் ஒரு பக்கம் பற்றிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவன் கஞ்சிச் சட்டியைத் தூக்கி முகத்தில் ஊற்றி அணைத்தான். வழக்குக்கு வந்த இரண்டு பேரும் சண்டையை மறந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூப்பருக்குப் பொறுக்கவில்லை. இன்னும் மூன்று நாள், அதற்கப்புறம் இந்த மலையில் ஒரு புகையிலைச் செடி நிற்கக் கூடாது, வேரோடு பிடுங்கி ஆற்றில் விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த மலையில் புகையிலை வளர்த்தவள் நஞ்சி ஒருத்திதான். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பத்துப் பாத்தி இலையைக் கொடுத்துத்தான் சாமையும் உப்பும் வாங்கினாள். செடி போனால் அவள் அடுப்பும் அவிந்துபோகும். மூப்பரிடம் ஓடினாள். குற்றம் செடி மேல் இல்லை, நெருப்பு வாய்க்குக் கிட்டே இருக்கிறதே, அதுதான் குற்றம் என்றாள். அப்படியானால் நெருப்பைத் தள்ளி வைத்துக் காட்டு என்றார் அவர், மிச்சம் இருந்த மீசையைத் தடவிக்கொண்டே.

நஞ்சி வீட்டுச் சுவரில் ஒரு குளவி மண்கூடு கட்டிக்கொண்டிருந்தது. விரல்நுனி அளவுக்குக் குட்டிக் குட்டிக் குடங்கள். எந்த மண், எப்படிப் பிசைய வேண்டும் என்று அதனிடம் கேட்டுக்கொண்டு, பெருவிரல் கொள்கிற மாதிரி ஒரு கிண்ணம் செய்தாள். பக்கத்தில் ஒரு துளை விட்டாள். தணலில் புதைத்துச் சுட்டாள். முதல் நாள் அதோடு முடிந்தது.

மறுநாள் பச்சை மூங்கில் ஒன்றை வெட்டி, கணுக்களைக் கம்பியால் குத்தித் திறந்து, கிண்ணத்தில் செருகி இழுத்தாள். மூங்கில் சாறு கொதித்துக் களகளவென்று நாக்குக்கு வந்தது. துப்பிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். மேலே பறந்துகொண்டிருந்த மூங்கில் வண்டு பார்த்துவிட்டாள்.

"அக்கா, பச்சை மூங்கில்ல நான் குடியிருந்து பாத்திருக்கியா? ஏன் இருக்கலைன்னு என்னைக்காவது யோசிச்சியா?"

நஞ்சி யோசித்ததில்லை. அடுப்புக்கு மேல் பரணில் இரண்டு மழைக்காலம் கிடந்து காய்ந்த மூங்கில் ஒன்று இருந்தது. வண்டு அதில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு, தன் உடம்பு நுழைகிற அகலத்தில், கணுவுக்குக் கணு துளைத்துக் கொடுத்தாள். இலையைத் திணிக்காதே, அடியில் லேசாகவும் மேலே கொஞ்சம் அழுத்தியும் வை என்றாள்.

நஞ்சி மெல்ல இழுத்தாள். புகை அந்த நீளத்தையும் நடந்து, சூட்டையெல்லாம் மூங்கிலிடம் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து வந்தது. இத்தனை நாள் எரிச்சலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ருசி அப்போதுதான் வெளியே வந்தது. புதுவெல்லம் மாதிரி ஒரு இனிப்பு, மழை விழுந்த மண் மாதிரி ஒரு வாசம். உள்ளங்கையில் கிண்ணம், கோழி அப்போதுதான் இட்ட முட்டைபோல இதமாக இருந்தது.

ஆனால் வண்டுக்கு ஒரு கவலை. "நீ மெல்ல இழுக்குற. மூப்பரு கள்ளு மொந்தையக் கவுக்குற மாதிரி இழுப்பாரு. கிண்ணம் கொதிச்சு மறுபடி நாக்கு வெந்துச்சுன்னா, உன் செடி ஆத்தோட போயிரும்."

சொன்னால் கேட்கிற ஆளா அவர்? அதுவும் நஞ்சி சொல்லி?

மூன்றாம் நாள் உச்சி வேளையில் மூப்பர் மண்வெட்டியோடு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நஞ்சி சுங்கானை எடுத்து இலை வைத்து, அதைக் கல் மேல் வைத்துவிட்டுத் தணல் எடுக்க உள்ளே போனாள். அந்த நேரத்தில் வண்டு குழல்வாய் வழியே உள்ளே ஏறி, நடுவில் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொண்டாள்.

மூப்பர் இழுத்தார். கன்னம் குழிய இழுத்தார். வண்டின் உடம்பைச் சுற்றி நூல் நூலாகத்தான் புகை வந்தது, குளிர்ந்து வந்தது. முரட்டு இழுப்புக்கு அதற்கு மேல் வரவில்லை. வாய் வலித்துப்போய் மெல்ல இழுக்க ஆரம்பித்தார். அப்படியே பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

பிடுங்கலாமா மூப்பரே என்று கேட்டார்கள். கையை மட்டும் தூக்கிக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்கள்.

"இருங்கடா. நாக்கு நாக்காவே இருக்குது."

தீர்ந்ததும், இந்தச் செடி மேல் எவனும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சுங்கானைக் கல்லில் தட்டினார். சாம்பலோடு வண்டும் விழுந்தாள். மேனி முழுக்கக் கரி. பளிங்கு இறக்கையில் புகையின் நீலம். நஞ்சி அவளை ஓடைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கழுவிப் பார்த்தாள். போகவில்லை. நஞ்சிதான் அழுதாள். வண்டு தண்ணீரில் தன்னை இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, இதுவும் எடுப்பாகத்தான் இருக்கிறது என்றாள்.

மூப்பருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்ன வேண்டும், கேள் என்று வண்டிடம் சொன்னார்.

அன்று முதல்தான் மூங்கில் வண்டு கருவண்டு. குழலுக்குள் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சுங்கானை மெல்ல இழுப்பதும் அன்று முதல்தான்.

வண்டோ ஒன்றும் கேட்கவில்லை. நேரே பறந்து போய், மூப்பர் வீட்டுக் கூரையில் நன்றாகக் காய்ந்த மூங்கிலாகப் பார்த்துத் துளைக்க ஆரம்பித்தாள். வீடு திரும்பி அடியில் உட்கார்ந்த அவர் மடியில் மாவாகத் தூள் கொட்டியது. அவர் பெண்சாதி துடைப்பத்தோடு ஓடி வந்தாள். மூப்பர் வாயிலிருந்து சுங்கானை எடுக்காமல், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அதற்குள் வண்டு இரண்டாவது துளைக்கு இடம் பார்த்துவிட்டாள்.